வேலை ஏன் வெளியே போகிறது?

ஒரு காலத்தில் எமது வீடுகளில் மாவும் மிளகாய்த்தூளும் உரலிலேயே இடிக்கப்பட்டன. இன்று பெரும்பாலான வீடுகளில் உரல் ஒரு மூலையில் கிடக்கிறது. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுத்து எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போகிறோம். மாதத்தில் ஒருநாள் வரும் வேலைக்காக எவரும் இயந்திரம் வாங்கி வீட்டில் வைப்பதில்லை. ஊருக்கே திரித்துக் கொடுப்பதால் மில்காரருக்குக் கட்டுப்படியாகிறது. எமக்கும் காசும் நேரமும் மிஞ்சுகின்றன.

பெரிய கம்பனிகள் தமது கணினி வேலைகளை வெளியாரிடம் கொடுப்பதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். இதனை அவுட்சோர்சிங் என்கிறார்கள். உயர்தரம் முடித்த மகள் தரவுப் பதிவு வேலைக்கோ, கோல் சென்ரர் வேலைக்கோ போகப்போவதாகச் சொன்னால், அந்த வேலை எங்கிருந்து, எதற்காக வருகிறது என்பதைத் தாயும் அறிந்திருக்க வேண்டும். வந்த காரணம் தெரிந்தால்தான் அது நிலைக்குமா என்று யோசிக்க முடியும்.

கொடாக் எடுத்த முடிவு

கமராவுக்குப் பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் கொடாக் என்ற பெயரை அறியாதவர் இல்லை. அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரைத் தலைமையகமாகக் கொண்ட அந்தக் கம்பனி, 1989ஆம் ஆண்டில் தனது கணினி நிலையத்தை நடத்தும் வேலையை ஐபிஎம் கம்பனியிடம் ஒப்படைத்தது. தொலைத்தொடர்பு வேலையும் மேசைக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையும் வேறு இரு கம்பனிகளுக்குப் போயின. ஊழியர்கள் பலர் கொடாக்கின் சம்பளப் பட்டியலிலிருந்து அந்தக் கம்பனிகளின் பட்டியலுக்கு மாறினார்கள்.

அதற்கு முன்னரும் சில நிறுவனங்கள் இப்படிச் செய்ததுண்டு. ஆனால் இவ்வளவு பெரிய, பெயர்பெற்ற கம்பனியே செய்தபோது மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கொடாக்கின் தொழில் படச்சுருள் செய்வது. கணினி நிலையம் நடத்துவது ஐபிஎம்மின் தொழில். அவரவர் தொழிலை அவரவர் செய்யட்டும் என்பதே அதன் நியாயம்.

காரணங்கள் என்ன?

முதலாவது செலவு. இயந்திரம், கட்டடம், ஆட்கள் என்று ஒரேயடியாகப் பெரும் பணம் போடுவதற்குப் பதிலாக, செய்த வேலைக்கு மாதாமாதம் கட்டணம் கொடுக்கலாம். சம்பளம் குறைந்த நாட்டுக்கு வேலையை அனுப்பினால் செலவு இன்னும் குறையும்.

இரண்டாவது, ஆட்பற்றாக்குறை. பழைய மென்பொருள்கள் பலவற்றில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே பதியப்பட்டிருந்தன. 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணினி அதை 1900 என்று எண்ணிவிடும் என்ற அச்சம் எழுந்தது. எண்ணற்ற வரிகளைத் திருத்த மேலைநாடுகளில் ஆட்கள் போதவில்லை. அந்த வேலையில் ஒரு பங்கு இந்தியக் கம்பனிகளுக்குக் கிடைத்தது. அவை உலகச் சந்தையில் காலூன்ற அது பெரிதும் உதவியது.

மூன்றாவது நேரம். நியூயோர்க்கில் இரவு வரும்போது எமக்குப் பொழுது விடிகிறது. அங்கு மாலையில் அனுப்பிய வேலையை இங்கு பகலில் முடித்து, அவர்கள் அடுத்தநாள் எழும்புமுன் திருப்பி அனுப்பலாம்.

கொடுத்தாலும் பொறுப்பு போகாது

மில்லில் தூள் திரிக்கும்போது நாம் பக்கத்திலேயே நிற்கிறோம். முன்னர் திரித்தவரின் மா எமது தூளில் கலந்துவிடக் கூடாதல்லவா? வேலையைக் கொடுத்தாலும் கண் அதில் இருக்க வேண்டும்.

பிரித்தானியாவின் ரீஎஸ்பி வங்கி இதனை அனுபவத்தில் கற்றது. 2018 ஏப்ரலில் அது தனது கணக்குகளைப் புதிய கணினி முறைமைக்கு மாற்றியது. அந்த வேலையைச் செய்தது, வங்கியின் உரிமையாளரான ஸ்பானிய வங்கிக் குழுமத்தின் கணினிக் கம்பனி. மாற்றிய உடனேயே கோளாறுகள் தொடங்கின. 19 இலட்சம் வரையான வாடிக்கையாளர்களால் இணையத்தில் தமது கணக்குகளைப் பார்க்க முடியாமற் போனது. எல்லாம் வழமைக்குத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் ஆகிவிட்டது. வேலையைச் செய்தது வேறு கம்பனியாக இருந்தும், 2022இல் அதிகாரிகள் வங்கிக்கே 4 கோடியே 86 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார்கள். வெளியாரின் வேலையைச் சரியாக மேற்பார்க்கத் தவறியதும் அதன்மீது காணப்பட்ட குற்றங்களில் ஒன்று.

எமது பிள்ளைகளுக்கு

இதுவரை கொடுப்பவர் பக்கத்தைப் பார்த்தோம். நாமோ வாங்கிச் செய்பவர் பக்கத்தில் இருக்கிறோம். கொழும்பில் மட்டுமன்றி, யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய நிறுவனங்கள் இயங்குகின்றன. வெயிலிலே கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்க்கு, மகள் கதிரையில் இருந்து சம்பளம் எடுப்பது பெரிய ஆறுதல். ஆனால் மலிவுக்காக மட்டும் வந்த வேலை, இன்னும் மலிவான இடத்தைக் கண்டால் அங்கே போய்விடும். எளிய தரவுப் பதிவை இப்போது மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது.

ஆகவே வேலைக்குச் சேருமுன் சிலவற்றைக் கேளுங்கள். நியமனக் கடிதம் தருவார்களா? ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதத்துடன் முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்டுகிறாரா? ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுகிறாரா? இரவு வேலையென்றால் வீடு திரும்ப வாகனம் உண்டா? ஆறு மாதத்தின் பின் புதிதாக என்ன பழக்குவார்கள்? வேலை தருவதற்கு முற்பணம் கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

நாம் மில்லுக்குத் திரிக்கக் கொடுக்கிறோமே தவிர, வறுக்கும் பக்குவத்தைக் கொடுப்பதில்லை. அது எமது கையிலேயே இருக்கிறது. கம்பனிகளும் அப்படித்தான், திரிக்கும் வேலையைத்தான் முதலில் வெளியே அனுப்புகின்றன. அந்த வேலை வரட்டும், எமது பெண்பிள்ளைகள் அதை நன்றாகச் செய்யட்டும். அதோடு நின்றுவிடாமல் ஆங்கிலம், கணக்கியல், மென்பொருள் எழுதுதல் என்று ஏதாவது ஒன்றை மேலும் படிக்கட்டும். வேலை வேறு நாட்டுக்குப் போனாலும் படித்த பக்குவம் அவர்களின் கையிலேயே இருக்கும்.