‘ரவுட்டர் நான்தான்’ எனப் பொய் சொல்லும் லேப்டாப்: ஆபீஸ் சுவிட்சிலேயே தடுப்பது எப்படி?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு விலை படிவது கணினித் திரையில்தான். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. இரு ஊர் வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் பங்கேற்கும் கிளவுட் வசதி 2021-ல் தொடங்கப்பட்டது.

ஏலம் முடிந்ததும் வேலை வியாபாரியின் ஆபீசுக்கு மாறும். பில், இ-வே பில், வங்கிப் பரிமாற்றம் என எல்லாம் உடனே முடிந்தால்தான் லாரி கிளம்பும். பில்லிங் கணினி, பிரின்டர், குடோன் கேமரா, வந்து போகிறவர்களின் லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் ஒரே சுவிட்சில்தான் இருக்கும். சிக்கல் அங்கேதான்.

என்ன ஓட்டை?

ஆபீசுக்குள் ஒரு கணினி இன்னொன்றுக்குத் தகவல் அனுப்ப ஐபி முகவரி மட்டும் போதாது. அந்தக் கருவியின் 48 பிட் மேக் முகவரியும் தெரிய வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறைதான் ஏஆர்பி. “192.168.1.1 யாரு?” என்று கணினி எல்லோரிடமும் கேட்கும். “நான்தான், என் மேக் இது” என்று ரவுட்டர் பதில் சொல்லும்.

டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 826 ஆவணம் வகுத்த முறை இது. பதில் சொல்வது உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க இதில் வழியே கிடையாது. கேட்காமலே வரும் பதிலைக்கூடப் பல கருவிகள் நம்பிவிடும்.

ஆக, மால்வேர் புகுந்த ஒரு லேப்டாப் “ரவுட்டர் நான்தான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். மற்ற கணினிகளின் டேட்டா அதன் வழியாகப் போக ஆரம்பிக்கும். வங்கித் தளங்கள் எச்டிடிபிஎஸ் குறியாக்கத்தில் இருப்பதால் அதன் உள்ளடக்கத்தைப் படிப்பது கடினம். ஆனால், குறியாக்கம் இல்லாத பழைய பில்லிங் மென்பொருள், கேமரா காட்சி, பிரின்டருக்குப் போகும் கோப்பு எல்லாம் திறந்த புத்தகம். எதையும் படிக்காமல் டேட்டாவை நிறுத்திவைத்தாலே போதும், மொத்த ஆபீசுக்கும் நெட் கட்!

சுவிட்ச் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஏலத்துக்கு வரும் மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். “27-ம் நம்பர் லாட் என்னுடையது” என்று யாராவது வந்து சொன்னால் நம்பிவிடுவார்களா? யார் கொண்டுவந்தது என்று பதிவேட்டைப் பார்ப்பார்கள். ‘டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன்’ செய்வதும் இதைத்தான். எந்த போர்ட்டில் எந்த மேக், அதற்கு எந்த ஐபி என்ற பட்டியலுடன் ஒவ்வொரு ஏஆர்பி செய்தியையும் சுவிட்ச் ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அதை அங்கேயே வீசிவிடும்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது ‘டிஎச்சிபி ஸ்னூப்பிங்’ என்ற இன்னொரு வசதி. கருவிகளுக்கு ஐபி வழங்கப்படுவதைக் கவனித்து அது குறித்துவைக்கும்.

செட்டிங் செய்யும் வரிசை

1. முதலில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை ஆன் செய்ய வேண்டும். ரவுட்டர் இருக்கும் போர்ட்டை மட்டும் ‘டிரஸ்டட்’ ஆக்க வேண்டும்.

2. எல்லாக் கருவிகளும் ஐபியைப் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிய ஐபி பட்டியலில் இருக்காது.

3. பிரின்டர், கேமரா போல நிரந்தர ஐபி வைத்த கருவிகளைக் கையால் பட்டியலில் சேர்க்க வேண்டும். அல்லது ரவுட்டரில் அவற்றுக்கென ஐபியை ஒதுக்கி, டிஎச்சிபிக்கு மாற்றிவிடலாம்.

4. பட்டியல் சரியா என்று பார்த்த பிறகே ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனை ஆன் செய்ய வேண்டும். ரவுட்டர் போர்ட் இதிலும் ‘டிரஸ்டட்’. ஊழியர்களின் போர்ட்கள் ‘அன்டிரஸ்டட்’.

வரிசை மாறினால் திருடனுக்கு முன்னால் வீட்டுக்காரர்தான் வெளியே நிற்பார். பட்டியல் காலியாக இருக்கும்போது ஆன் செய்தால், நேர்மையான கணினிகளும் தடுக்கப்படும். எனவே ஏல நாளில் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

எங்கே சறுக்கும்?

கரன்ட் போய் வந்தால் பல சுவிட்சுகளில் பட்டியல் அழிந்துவிடும். அதை ஃபிளாஷ் நினைவகத்திலோ வேறு சர்வரிலோ சேமிக்கும் வசதியை ஆன் செய்துவைக்க வேண்டும்.

அடுத்தது வேக வரம்பு. சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் அன்டிரஸ்டட் போர்ட்டுக்கு நொடிக்கு 15 ஏஆர்பி செய்திகள்தான் இயல்பான வரம்பு. தாண்டினால் போர்ட்டே முடங்கும். வைஃபை கருவி மாட்டிய போர்ட்டில் பலரின் செய்திகள் சேர்ந்து வரும் என்பதால் வரம்பை உயர்த்த வேண்டியிருக்கலாம். தொல்லை வேண்டாம் என்று அந்த போர்ட்டை ‘டிரஸ்டட்’ ஆக்கிவிட்டால், காவலே இல்லாத கதவாகிவிடும்.

ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு போன்களுக்குள் நடக்கும் ஏமாற்று சுவிட்சுக்கு வராமலே முடிந்துவிடலாம். அதற்கு வைஃபை கருவியில் ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ தேவை. போலி மின்னஞ்சல், போலி வங்கித் தளம் போன்றவற்றையும் இது தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க

சாதாரண ‘அன்மேனேஜ்டு’ சுவிட்சில் இந்த வசதி கிடையாது. ‘மேனேஜ்டு’ என்று போட்டிருந்தாலும் எல்லா மாடலிலும் இருக்காது. டிஎச்சிபி ஸ்னூப்பிங், ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷன் இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருக்கும் சுவிட்சில் அந்த வசதி ஆஃப் செய்யப்பட்டே கிடக்கலாம். ஏலம் இல்லாத நாளில் லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.