பச்சையில் விலை பேசலாமா?

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. மே மாதம் முடிவு வருகிறது. பொறியியல் கலந்தாய்வு அண்மை ஆண்டுகளில் ஜூலையில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளிதான் தஞ்சை வட்டாரப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இப்போதே முன்பணம் கட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பிடிப்பதா, கலந்தாய்வு வரை பொறுப்பதா?

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையிலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவை தனியே விண்ணப்பம் வாங்குகின்றன. அவற்றைத் தாண்டிச் செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி. அங்கே நுழையக் கலந்தாய்வுதான் வாசல்.

டெல்டாக்காரருக்கு இது பணக் கணக்கும்கூட. சம்பா விற்ற காசு தை, மாசியில் வந்து, பழைய கடனுக்குப் போயிருக்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பை நம்பி உழவு, விதைநெல், நடவுக்கூலி என்று குறுவைச் செலவு காத்திருக்கும். அந்த நேரத்தில் சீட்டுக்கு முன்பணம் என்றால், சாகுபடிக்கு அடகு வைக்கவேண்டிய நகைதான் கல்லூரிக்குப் போகும்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி

அங்கே இதற்கு 'எர்லி டிசிஷன்' என்று பெயர். நவம்பரிலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு இந்த முறையில் விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக உறுதி தரவேண்டும். வழக்கமான முறையில் ஜனவரி வாக்கில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, யார் எவ்வளவு உதவித்தொகை தருகிறார்கள் என்று ஒப்பிட்டு, மே 1-க்குள் பதில் சொல்லலாம். ஒப்பிடத் தேவையில்லாத வசதிக்காரருக்கே முதல் வழி சௌகரியம். முன்கூட்டிய சேர்க்கை வசதி படைத்தவர்களுக்கே சாதகம் என்று சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011-இல் கட்டாயமில்லாத வடிவில் திரும்பக் கொண்டுவந்தன.

காத்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முறை இருக்கிறது. 2007-இல் நுழைவுத் தேர்வும் போய்விட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்‑ஆஃப். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தத் தகுதியுள்ள பிள்ளைக்கு, அவசரமாகக் கட்டும் முன்பணம் இலவசப் படிப்பையே விலையாகக் கேட்கும்.

இணையவழிக் கலந்தாய்வில் இன்னொரு நன்மை: கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே எழுதிய கல்லூரிக்கும் காத்திருக்கலாம். கையிலிருப்பது போகாது.

முன்கூட்டிச் சேர்வதே தவறு என்று சொல்லவில்லை. பாடத்தில் பிள்ளைக்குத் தெளிவு இருந்து, நான்கு ஆண்டுச் செலவையும் கூட்டிப் பார்த்து, முந்தைய ஆண்டு கட்‑ஆஃப்படி கலந்தாய்வில் இதைவிட நல்ல இடம் வராது என்று தெரிந்தால் தாராளமாகச் சேரலாம். பயத்தில் மட்டும் சேரக்கூடாது. பயிர் பச்சையாக நிற்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கியவர், அறுவடையில் விலை ஏறினால் என்ன ஆகிறார் என்பது நம் ஊருக்குத் தெரியும்.

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், சேர்க்கையின் கடைசித் தேதியை எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, அந்தத் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு நடைமுறைக் கழிவு போக முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் விட்டுவராதீர்கள்.