குரல் நின்ற பிறகு

டாக்குரியா ஸ்டேஷனில் சியால்டா போகும் லோக்கல் ரயிலைப் பிடித்தால் பாலிகஞ்ச், பார்க் சர்க்கஸ் தாண்டியதும் எண்டாலி வட்டாரம் வந்துவிடும். கொல்கத்தாவின் அந்த நெரிசலான பகுதியில்தான் லொரேட்டோ கன்னியர் மடம் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே பள்ளிக்கூடம், தோட்டம், அமைதி. வெளியே மோதிஜீல் குடிசைப் பகுதி. 1931 முதல் அந்த மதிலுக்குள் புவியியலும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்துவந்தார் அல்பேனிய இனத்தைச் சேர்ந்த ஒரு கன்னியர். 1944-ல் பள்ளியின் தலைமைப் பொறுப்பும் அவருக்கு வந்தது. பிற்பாடு உலகம் அவரை அன்னை தெரசா என்று அழைத்தது.

1946 ஆகஸ்ட் 16 அன்று நகரத்தில் கலவரம் வெடித்தது. நாலைந்து நாள் கடைகள் திறக்கவில்லை. விடுதியில் ஏறக்குறைய 300 பெண் பிள்ளைகள், சமையலறையில் ஒன்றுமில்லை. மடத்தின் விதியை மீறித் தெருவில் இறங்கிய தெரசா, பிணங்களைத் தாண்டி நடந்தார். ராணுவத்தினர் அவரைத் தடுத்து, லாரியில் அரிசி மூட்டைகளோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதம் வருடாந்திரத் தியானத்துக்காக டார்ஜிலிங் புறப்பட்டார். செப்டம்பர் 10. ரயிலில் இயேசுவின் குரல் தன்னிடம் பேசியதாக அவர் நம்பினார். மடத்தை விட்டு வெளியேறி, பரம ஏழைகளோடு ஏழையாக வாழ வேண்டும் என்பதே அதன் சாரம். குரல் அன்றோடு ஓயவில்லை. தொடர்ந்து பல மாதங்கள் அவரை அழைத்தபடி இருந்தது. சில காட்சிகளும் கண்டதாக எழுதியிருக்கிறார்.

பலரும் கதையை இங்கிருந்து நேரே நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலைக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இரண்டு வருடம் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப்பட்ட அனுபவங்களைத் 'தனி வெளிப்பாடு' என்று வகைப்படுத்தும். கடவுள் சொல்ல வேண்டியதெல்லாம் கிறிஸ்துவில் முழுமையாகச் சொல்லப்பட்டுவிட்டது. அதற்குப் பின் யாருக்கு என்ன தோன்றினாலும் அது வேதத்தோடு புதிதாக எதையும் சேர்க்காது. சோதித்துப் பார்த்து நல்லதென்று பட்டால் ஏற்கலாம், அவ்வளவே. தெரசாவின் ஆன்ம குருவான பெல்ஜிய இயேசு சபைக் குரு செலஸ்ட் வான் எக்ஸம், அவர் எழுதிக் கொடுத்த குறிப்புகளைப் படித்ததும் துள்ளிக் குதிக்கவில்லை. பொறுத்திருந்து ஜெபிக்கச் சொன்னார். பேராயர் ஃபெர்டினான்ட் பெரியே அதைவிடக் கறார். கன்னியரோ அசன்சோலுக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தும் பேராயர் அசைவதாக இல்லை. யார் யார் சேர்வார்கள், பணம் எங்கிருந்து வரும், ஏற்கெனவே இருக்கும் சபைகள் போதாதா என்று கேள்விகளை அடுக்கினார். ஒரு நிர்வாகியின் கேள்விகள்தான். ஆனால் அவை இல்லாவிட்டால் அந்த அழைப்பு ஒரு பெண்ணின் உணர்ச்சிவேகமாகவே முடிந்திருக்கலாம்.

1948 ஆகஸ்டில் ரோமாபுரியின் அனுமதி கைக்கு வந்தது. அதே மாதம் 17-ம் தேதி லொரேட்டோவை விட்டு வெளியேறினார். பாட்னாவில் மருத்துவப் பணி பழகிவிட்டு, டிசம்பர் 21 அன்று மோதிஜீலுக்குள் நுழைந்தார். 1950 அக்டோபர் 7-ல் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபை பிறந்தது. 1952-ல் காளிகாட்டில் கோயிலை ஒட்டிய யாத்ரீகர் விடுதிக் கட்டடத்தில் நிர்மல் ஹிருதய் திறக்கப்பட்டது. சாகக் கிடப்பவர்களுக்கான அந்த இல்லம் டாக்குரியாவிலிருந்து சில கிலோமீட்டர்தான்.

குரல் ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. வேலை ஓடத் தொடங்கிய அதே காலத்தில் உள்ளே இருள் சூழ்ந்தது.

ஜெபத்தில் உட்கார்ந்தால் வெறுமை. கடவுள் தன்னை விரும்பவில்லையோ, ஒருவேளை கடவுளே இல்லையோ என்ற எண்ணம்வரை போயிருக்கிறது. 1953-ல் பேராயருக்கு இதைக் கடிதத்தில் சொல்கிறார். 1958-ல் மறைந்த திருத்தந்தை 12-ம் பத்திநாதருக்காக நடந்த பூசையின்போது, சபையின் பணி கடவுளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் கேட்டார். இருள் சட்டென விலகியது. சில வாரங்கள்தான், மறுபடி மூடிக்கொண்டது. அவர் எந்தப் புனிதையின் பெயரை எடுத்துக்கொண்டாரோ, அந்த லிசியே நகர் தெரேசாளும் 1897-ல் சாவதற்கு முந்தைய ஒன்றரை வருடம் இதே இருளில்தான் கிடந்தார். ஒன்றரை வருடம் எங்கே, ஐம்பது வருடம் எங்கே!

1961-ல் கன்னியருக்குத் தியானம் கொடுக்க வந்தவர் இறையியல் அறிஞரான ஜோசப் நாய்னர் என்ற இயேசு சபைக் குரு. தெரசா தன் நிலையைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தார். இதற்கு மனித மருந்து கிடையாது, உங்கள் குற்றமும் இல்லை என்றார் நாய்னர். கடவுளுக்காக இப்படி ஏங்குவதே அவர் உள்ளே இருப்பதற்கு அடையாளம். இந்த இருள் உங்கள் பணியின் ஒரு பகுதி என்றும் விளக்கினார். அதற்குப் பிறகு இருள் போகவில்லை. அதோடு அவர் போட்டுக்கொண்டிருந்த சண்டை போய்விட்டது. தெருவோரத்தில் கைவிடப்பட்டவனின் தனிமையை வெளியிலிருந்து பார்க்காமல், தானும் அதற்குள் இருந்தே அவனைத் தொட்டார்.

கடிதங்களை எரித்துவிடும்படி அவர் கெஞ்சியும் குருமார்கள் எரிக்கவில்லை. 2007-ல் அவை புத்தகமாக வந்தபோது, நம்பிக்கையே இல்லாமல் ஊரை ஏமாற்றினார் என்று சிலர் எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஏமாற்றுகிறவர் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பதில் சொல்லாத ஒருவர் முன் தினமும் முழங்காலிட மாட்டார். 1942-லேயே அவர் ரகசியமாக ஒரு வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார்: கடவுள் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை. மௌனத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

1997 செப்டம்பர் 5-ல் அவர் இறந்தபோது சபையில் சுமார் 4,000 சகோதரிகள். 123 நாடுகளில் 610 இல்லங்கள். 2016-ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

அடுத்த இதழில் தெற்கே வருகிறோம். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் கதை அது.