ஏற்ற இறக்கம் – 14: ரயில் விட்டுப்போன பாதை

போன வாரம் நோர்ச்சா நகரத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். சிபில்லீனி மலைகள் எங்கே இருக்கின்றன, இத்தாலியின் நடுவில் நமக்கு என்ன வேலை என்பதெல்லாம் பழைய இதழ்களில் இருக்கிறது. திரும்பச் சொல்வதாக இல்லை. இந்த வாரம் காஸ்தெல்லூச்சோவுக்கு ஏறியாக வேண்டும்.

நோர்ச்சா 604 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காஸ்தெல்லூச்சோ 1,452 மீட்டரில். இடையில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தார்ச்சாலை. அது நேராக ஊருக்குப் போய்விடுவதில்லை. 1,500 மீட்டருக்கும் மேல் ஒரு கணவாய்க்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து பியானோ கிராந்தே என்ற பெரும் சமவெளிக்குள் இறக்கி, மறுபடி ஊருக்கு ஏற்றுகிறது. மூச்சு வாங்கி மேலே வந்தவனைக் கீழே தள்ளி மறுபடி ஏறச் சொல்லும் சாலை. ஆனாலும் அந்தக் கணவாயில் நிற்கிற யாரும் சாலையைத் திட்டுவதில்லை. மலைகள் விளிம்புகட்டிய தாம்பாளம்போல் சமவெளி கிடக்கிறது. வெட்டவெளி. நடுவில் மரம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. தூரத்து ஓரத்தில் ஒரு குன்று, குன்றின் தலையில் ஊர். பின்னால் 2,476 மீட்டர் உயர வெத்தோரே சிகரம்.

இவ்வளவு பெரிய சமவெளியில் இருந்து வெளியே ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீரும் பனி உருகிய நீரும் ஒரு ஓடையில் சேர்ந்து, தரையில் உள்ள உறிஞ்சு குழிக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுகின்றன. சைக்கிள்காரர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பனி உருகும் பருவத்தில் அந்தச் சமவெளியின் மண்தடங்கள் சேறாகி டயரில் அப்பிக்கொள்ளும். ஜூன் பிறந்த பிறகு போவது உத்தமம்.

ஊரைச் சுற்றியுள்ள தடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, சமவெளியின் மண்தடங்கள். வயல்களுக்குப் போகும் பாதைகள். ஏற்றமே கிடையாது, குழந்தைகளும் ஓட்டலாம். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் பெரியவர்களும் குழந்தைகளாகிவிடுவார்கள். இரண்டாவது, கனாத்ரா பள்ளத்தாக்கு. ஊரிலிருந்து புல்வெளி வழியாக மெதுவாக உள்ளே போய், வழியில் ஒரு நீரூற்றில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, பீச் மரக்காட்டின் ஓரமாக ஏறுவது. மூன்றாவது, கெட்ஸி குடிசைக்குப் போகும் கப்பிச்சாலை. மேய்ப்பர்களும் மலையேறிகளும் தங்கும் அந்தக் குடிசைவரை மவுண்டன் பைக் சுகமாகப் போகும். அதற்கு மேலே நடைபாதை செங்குத்தாகிறது. இறங்கித் தள்ளத் தயாராக இருப்பவர்கள் போகலாம்.

மூன்றிலும் ஒரே எச்சரிக்கை: நாய். ஊர்நாய் அல்ல, ஆட்டுமந்தையோடு வளரும் வெள்ளை நிற அப்ருட்ஸோ காவல் நாய். சிபில்லீனியில் ஓநாய்கள் இருக்கின்றன. ஓநாய் தொண்டையைக் கவ்வினால் அதன் வாயைக் கிழிப்பதற்காக, கூரான இரும்பு முட்கள் வைத்த கழுத்துப்பட்டையை இந்த நாய்களுக்கு மாட்டுவது இந்த மலைகளின் பழைய வழக்கம். மந்தையை நோக்கி வேகமாக உருண்டுவரும் எதையும் அது சந்தேகத்தோடுதான் பார்க்கும். சைக்கிளிலிருந்து இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். மந்தையை விட்டு அகலமாக வளைத்து நடந்து போங்கள். மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் நோய் தெரியும். எந்தத் தடத்தைப் பார்த்தாலும் இதை முதலில் போட்டது யார், யாருக்காகப் போட்டார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. காஸ்தெல்லூச்சோவில் விடை சுலபம். ஆட்டுக்காக, பிறகு வயலுக்காக. அந்தப் புல்லுக்காக ஊர்கள் சண்டையே போட்டிருக்கின்றன. 1522-இல் நோர்ச்சாவும் பக்கத்து விஸ்ஸோவும் இங்குள்ள மேய்ச்சல் நிலத்துக்காகப் போரில் இறங்கின. ஆள்பலம் நோர்ச்சாவுக்கு. வெற்றி விஸ்ஸோவுக்கு. தோற்ற கதையை இன்றும் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று ஞாபகப்படுத்திக்கொள்கின்றன.

இதோடு நிறுத்திக்கொண்டு வெத்தோரே மலைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் இந்த வாரம் முழுவதும் ஒரு பழைய ரயில்பாதையின் வரைபடம் என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காஸ்தெல்லூச்சோவுக்குப் போகும் சைக்கிள்காரர்களில் பலர் நோர்ச்சாவுக்கு வந்து சேர்வதே அந்தப் பாதையில்தான். எனவே விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

ஸ்போலேத்தோ – நோர்ச்சா ரயில். சுமார் 51 கி.மீ. தண்டவாளங்களுக்கு இடையில் 950 மில்லிமீட்டர் மட்டுமே அகலம். வேலை 1913-இல் தொடங்கி, முதல் உலகப் போரில் தடைப்பட்டு, 1926 நவம்பரில் ரயில் ஓடியது. கட்டியவர் எர்வின் தோமான் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். 19 சுரங்கங்கள், 24 பாலங்கள். நிலக்கரி இல்லை, முதல் நாளிலிருந்தே மின்சார ரயில்.

என்னை மயக்கியது இந்த எண்கள் அல்ல. அந்த ரயில் மலையிலிருந்து இறங்கிய விதம். ஸ்போலேத்தோவிலிருந்து ஏறிவரும் பாதை, காப்ரரெச்சா என்ற இடத்தில் ஏறக்குறைய 2 கி.மீ. நீளச் சுரங்கத்துக்குள் புகுந்து மலைமுதுகைக் கடக்கிறது. வெளியே வந்தால் நேரா ஆறு கீழே, அதலபாதாளத்தில். தோமான் தன் ரயிலுக்கு வைத்த எல்லை ஆயிரத்துக்கு 45, அதாவது ஆயிரம் மீட்டர் ஓடினால் 45 மீட்டருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. பல்சக்கரத் தண்டவாளம் போடாத ரயிலுக்கு இதுவே கடுமையான சரிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மீட்டர் இறங்க வேண்டுமென்றால் குறைந்தபட்சம் 6.7 கி.மீ. தண்டவாளம் வேண்டும். மலைச்சரிவிலோ அவ்வளவு இடம் கிடையாது. அதனால் பாதையைச் சுருட்டினார். மலைக்குள்ளேயே ரயிலை வட்டமடிக்க வைத்து, நுழைந்த மட்டத்துக்குக் கீழே வெளியே விட்டார். ஒரே சரிவில் தடம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

வித்தை புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் ரயில்பாதை 1882-இலேயே இதைச் செய்துகாட்டிவிட்டது. அங்கே வாஸன் என்ற கிராமத்துத் தேவாலயத்தைப் பயணிகள் மூன்று தடவை, மூன்று உயரங்களில் பார்ப்பார்கள், ஒரே தேவாலயம்தான். ஆல்ப்ஸ் மலைக்கான அந்தப் பெரிய வித்தையை, உம்ப்ரியாவின் ஒரு மூலையில், சில ஆயிரம் பேர் வாழும் ஒரு சிறு நகரத்துக்காகச் செய்தார் தோமான். இப்படிப்பட்ட ரயிலில் லாபம் வராது என்று சொல்ல யாரும் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. பஸ்ஸும் காரும் வந்தன. 1968 ஜூலையில் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். சுரங்கத்தையும் பாலத்தையும் யாரால் பெயர்க்க முடியும்? அவை அப்படியே நின்றன.

சைக்கிள்காரனின் அதிர்ஷ்டம் இங்கேதான். ரயிலால் ஏற முடியாத ஏற்றம் எதுவும் இந்தப் பாதையில் இருக்க முடியாது. 4.5 சதவிகிதம் என்பது மவுண்டன் பைக்கில் பேசிக்கொண்டே ஏறக்கூடிய சரிவு. மலையின் குறுக்கே போகிறோம், தொடை எரியவில்லை. காரணம், நூறு வருடங்களுக்கு முன் ஒரு பொறியாளர் மின்சார எஞ்சினின் தொடையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்.

பாலங்களில் பறக்கலாம். சுரங்கங்களில் பறக்கக் கூடாது. உள்ளே விளக்குகள் இல்லை. கோடை வெயிலிலிருந்து நுழைந்ததும் குளிர் முகத்தில் அடிக்கும். கண் பழகும்வரை விளக்கு வெளிச்சம் விழும் வட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது. கூரையிலிருந்து சொட்டும் நீர், அங்கங்கே குட்டை, டயருக்கடியில் நகரும் சரளைக்கல். காப்ரரெச்சாவின் நடுவில் விளக்கு அணைந்துபோனால் முன்னாலும் பின்னாலும் சுமார் ஒரு கிலோமீட்டர் இருட்டு. ஹெல்மெட்டில் ஒன்று, ஹாண்டில்பாரில் ஒன்று என இரண்டு விளக்கு, கூடவே ஒரு மெல்லிய ஜாக்கெட். 2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு சில பகுதிகள் மூடப்பட்டன. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று ஸ்போலேத்தோவிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இந்தப் பாதை போய் முடியும் நோர்ச்சாவைப் பற்றி ஒரு கிளைக்கதை. இந்த ஊர்க்காரர்கள் பன்றி இறைச்சியை வெட்டிப் பதப்படுத்துவதில் இத்தாலி முழுக்கப் பேர்போனவர்கள். பக்கத்தில் ப்ரேச்சி என்ற மலை ஊர் அறுவைசிகிச்சைக்குப் பேர்போனது. மூத்திரப்பைக் கல், கண்புரை இரண்டுக்கும் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா முழுக்க ப்ரேச்சி வைத்தியர்களைத் தேடியிருக்கிறார்கள். 1215 லாத்தரன் சங்கத்தில் திருச்சபை, குருமார் அறுவைசிகிச்சை செய்வதற்குத் தடை போட்டது. அருகிலிருந்த மடத்துத் துறவிகளின் வைத்திய அறிவு அப்போது ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது என்கிறார்கள். கை ஏற்கெனவே பன்றியில் பழகியிருந்தது. நோர்ச்சாவிலிருந்து ப்ரேச்சிக்கும் சைக்கிளில் போகலாம். அந்தக் கத்தியை முதலில் பிடித்தது யார் என்று தேட ஆரம்பித்தால் இந்த வாரம் முடியாது.

பக்கம் முடிகிறது. வெத்தோரே மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அப்படியே நிற்கிறது. 2016 அக்டோபர் 30 காலை 6.5 அளவு நிலநடுக்கத்தில் அந்த மலையின் சரிவு பிளந்து, இடத்துக்கு இடம் இரண்டு மீட்டர்வரை கீழே நழுவியது. கீழிருந்து பார்த்தாலே தெரியும்படி வெள்ளைக்கோடு விழுந்தது. காஸ்தெல்லூச்சோவின் பெரும்பகுதி இடிந்தது. ஆனாலும் 2017 வசந்தத்தில், சாலை இன்னும் சரியாகாத நிலையில், விவசாயிகளின் டிராக்டர்கள் வரிசைகட்டி மேலே போயின. மைசூர்ப் பருப்பைவிடச் சிறிய, ஊறவைக்கத் தேவையில்லாத ஒரு பருப்பை விதைப்பதற்காக. அந்தப் பருப்பும் வெள்ளைக்கோடும் அடுத்த வாரம்.

அதற்குள் யாராவது கிளம்பினால் ஒன்று மட்டும். மே கடைசியிலிருந்து ஜூலைவரை சமவெளி சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும். பூக்கள் நிற்பது பருப்பு வயலில். சைக்கிளோடு உள்ளே இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தடத்திலேயே நின்று எடுங்கள்; அங்கிருந்தும் படம் நன்றாகத்தான் வருகிறது.