மண்ணுக்கு விலையா, தண்ணீருக்கு விலையா?

வியாபாரத்தில் நாலு காசு மிச்சமானால் நாம் தேடுவது நிலம். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறோம். தண்ணீர் விஷயத்தில் மட்டும், "கிணறு இருக்குதுங்க" என்ற தரகர் பேச்சோடு சரி.

எடை போடாமல் நாம் சரக்கு வாங்குவதில்லை. தண்ணீரையும் கொஞ்சம் எடை போடுவோம். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது கணக்கு. ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் 400 நடை! நடைக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 4 லட்சம். அந்த ஏக்கரில் விளையும் நெல்லை விற்றால் அதில் கால்வாசிகூடத் தேறாது. ஆற்றிலோ ஏரியிலோ கிணற்றிலோ சும்மா வந்தால்தான் வெள்ளாமை. அப்படிச் சும்மா வரும் தண்ணீருக்குத்தான் 'நஞ்சை' என்று பெயர் சொல்லி, புஞ்சையைவிடக் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம். (ரோட்டோரத்தில் மனை போடும் ஆசையில் ஏறும் விலை வேறு. அது இங்கே பேச்சில்லை.)

ஆனால் பத்திரத்தில் நஞ்சை என்று இருந்தால் போதுமா? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2017-ல் திறந்தபோது அக்டோபர் 2 ஆகிவிட்டது. போர் போட்டவர் குறுவை நட்டார். போர் இல்லாதவர் வானத்தைப் பார்த்தார். பத்திரத்தில் இரண்டும் நஞ்சைதான். ஒரே வாய்க்காலில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசமும் பத்திரத்தில் தெரியாது. கடைமடை ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் பற்றுவரவு நோட்டைப் புரட்டினால் தெரியும். குறுவை போகாத வருஷம் தீபாவளிக் கடன் பொங்கலுக்கும் தீராது.

கோவை, ஈரோடு பக்கம் கூட்டுக் கிணறு சகஜம். "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுவார்கள். அந்த வரி விட்டுப்போனால் நாம் வாங்கியது மேட்டாங்காடு. மோட்டார் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்றித் தருவார்களா என்பதையும் கிரயத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம்தான். புதிதாக இலவச இணைப்பு கேட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

இன்னொன்று. நிலம் பார்க்கச் சித்திரை, வைகாசியில் போவது நல்லது. பக்கத்துக் காட்டுக்காரரிடம் போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று விசாரிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். தரகர் நம்மை அழைப்பதும் பெரும்பாலும் அப்போதுதான்.