காத்திருப்பின் கணக்கு

ஒரு மேசை, அதைச் சுற்றி நான்கு பேர், இருபது ஒரு ரூபாய்க் காசுகள். மென்பொருள் நிறுவனங்களில் அஜைல், ஸ்க்ரம் எனப்படும் வேலைமுறைகளுக்காக நடக்கும் பயிற்சி வகுப்புகளில் பரவலாக ஆடப்படும் விளையாட்டு இது. முதல் ஆள் இருபது காசுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே மொத்தமாக அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். அவரும் அப்படியே. நான்காவது ஆள் முடித்ததும் காசுகள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும்.

ஒரு காசைத் திருப்ப ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 நொடி, ஆக மொத்தம் 80 நொடி. முதல் காசுகூட 80ஆவது நொடியில்தான் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறது.

இரண்டாம் சுற்றில் ஐந்தைந்தாகத் தள்ளலாம். முதல் ஐந்து காசுகள் 20ஆவது நொடியில் வந்துவிடுகின்றன. கடைசி ஐந்து, 35ஆவது நொடியில். மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார்கள். முதல் காசு 4ஆவது நொடியில் வருகிறது. இருபதாவது காசு 23ஆவது நொடியில்.

எண்பது எப்படி இருபத்துமூன்றானது? யாருடைய விரலும் வேகம் பெறவில்லை. மூன்று சுற்றிலும் ஆளுக்கு அதே 20 நொடி வேலைதான். முதல் சுற்றில் ஒரு காசின் மேல் கை பட்ட நேரம் வெறும் 4 நொடி. மீதி 76 நொடியும் அது கூட வந்த காசுகளுக்காகக் காத்துக் கிடந்தது. அந்தக் காத்திருப்பு எவருடைய வேலைக் கணக்கிலும் வராது. எல்லோரும் மும்முரமாகத்தான் இருந்தார்கள். காசுதான் சும்மா இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘எனக்குத் தலை வேண்டாம், பூ வேண்டும்’ என்று வாடிக்கையாளர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் முறையில் இது தெரியவரும்போது இருபது காசும் பாழ். கடைசி முறையில் நான்காவது நொடியிலேயே தெரிந்துவிடும்.

மென்பொருள் உலகம் இந்தப் பாடத்தைப் படிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. தேவைகளை முழுக்க எழுதி முடி, பிறகு வடிவமை, பிறகு நிரல் எழுது, கடைசியில் சோதித்துப் பார் என்ற படிப்படியான முறையை 1970இல் ஒரு கட்டுரையில் படமாக வரைந்துகாட்டியவர் வின்ஸ்டன் ராய்ஸ். அதே கட்டுரையில், சோதனை கடைசியில் வருவதால் அப்போது வெளிப்படும் பிழை வடிவமைப்பையே திருப்பிப் போடக்கூடும், செலவோ காலமோ இரு மடங்காகலாம் என்றும் எச்சரித்தார். படம் நிலைத்தது, எச்சரிக்கை காற்றோடு போனது.

காத்திருப்புக்கு ஒரு சூத்திரமும் உண்டு. அதற்குக் கணித நிரூபணம் தந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில், ஆண்டு 1961. ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, அது வேலைகளை முடிக்கும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரி நேரம் கிடைக்கும். வாரத்துக்கு 5 வேலைகளை முடிக்கும் டீம் 30 வேலைகளைத் தொட்டு வைத்திருந்தால், ஒவ்வொன்றும் வெளியே வர சராசரியாக 6 வாரம் ஆகும். அதே வேகத்தில் 10 வேலைகளை மட்டும் கையில் வைத்திருந்தால் 2 வாரம் போதும். புதிதாக ஆள் எடுக்கவில்லை, இரவு கண்விழிக்கவில்லை. ‘முதலில் முடி, பிறகு தொடங்கு’ என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதற்குப் பின்னால் இந்த வகுத்தல்தான் இருக்கிறது. வரத்தும் போக்கும் நெடுநாள் சமநிலையில் இருந்தால் வங்கி வரிசை, மருத்துவமனை, நெடுஞ்சாலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஸ்க்ரம், காசுகளைச் சிறு குவியலாகத் தள்ளுவதற்கான ஒழுங்குமுறை என்றே சொல்லலாம். ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு சுற்று ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. அதன் முடிவில் பயன்படுத்தத்தக்க ஏதாவது ஒன்று தயாராக இருக்க வேண்டும். தினமும் 15 நிமிடத்துக்கு மிகாத சந்திப்பு. டீமில் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு.

பெரிய வேலைக்கு இது ஒத்துவருமா? அமெரிக்காவின் எஃப்பிஐ தன் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க ‘சென்டினல்’ திட்டத்தை 2006இல் தொடங்கியது. ஒதுக்கீடு 45.1 கோடி டாலர். அதில் சுமார் 40.5 கோடி கரைந்த நிலையில், 2010இல் தணிக்கையாளர்கள் பார்த்தபோது நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்த வேலையை எஃப்பிஐ தன் கைக்கு மாற்றிக்கொண்டு, சிறிய டீமுடன் இரண்டு வார ஸ்பிரிண்ட்களாகச் செய்தது. 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

அப்படியானால் குவியலைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா? காசு விளையாட்டை நிஜமாக ஆடிப் பார்த்தால், மூன்றாம் சுற்றில் ஆளுக்கு 20 நொடிக்குச் சற்று மேலேயே ஆகும். ஒவ்வொரு காசையும் தனித்தனியாகத் தள்ளுவதற்கும் நேரம் வேண்டுமே. இந்த இழுபறியை 1913இலேயே கணக்கிட்டவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர். தொழிற்சாலையில் ஒரே தடவையில் எத்தனை உதிரிபாகங்கள் செய்வது லாபம் என்பது அவர் கேள்வி. பெரிய குவியலாகச் செய்தால் சரக்கு தேங்கும் செலவு. சிறிய குவியலாகச் செய்தால் அடிக்கடி இயந்திரத்தைத் தயார்செய்யும் செலவு. இரண்டும் சேர்ந்து குறைவாக இருக்கும் அளவு, தயார்செய்யும் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது, குவியலைப் பாதியாக்கியும் நட்டப்படாமல் இருக்க வேண்டுமானால் அந்தச் செலவு கால்வாசியாகக் குறைய வேண்டும்.

மென்பொருளில் அந்தச் செலவு என்பது டெஸ்டிங், ஒப்புதல், ரிலீஸ் வேலைகள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்து நாள் கையால் சோதிக்க வேண்டியிருக்கும் டீமிடம் இரண்டு வார ஸ்பிரிண்ட்டைத் திணித்தால், நிரல் எழுத ஏறக்குறைய நாளே மிஞ்சாது. அதே சோதனை தானியங்கியாகி ஒரு மணி நேரத்தில் முடிந்தால், தினம் ஒருமுறைகூட வெளியிடலாம். ஆகவே பயிற்சி முடிந்து திரும்பும் டீம், சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பதற்கு முன் ஒன்றை அளந்து பார்ப்பது நல்லது: ஒரே ஒரு வரி மாற்றம், எழுதி முடித்த பிறகு வாடிக்கையாளரை அடைய எத்தனை நாள் ஆகிறது, அதில் எத்தனை மணி நேரம் அதன் மேல் கை படுகிறது? அந்த இரண்டு எண்களும் தெரிந்துவிட்டால், ஸ்பிரிண்ட் எத்தனை வாரம் என்பதை டீமே முடிவுசெய்துகொள்ளும்.