பதிவான பேச்சு ஏன் பிழையாகிறது?

பேசப் பேசத் தானே எழுதும் கணிப்பொறி நிரல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஆட்ரி' என்னும் கருவி எண்களின் பெயர்களை மட்டுமே அறிந்தது. 1997-இல் வந்த 'டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்' நிறுத்தாமல் பேசினாலும் எழுதியது.

ஆனால் பயன்படுத்துவோர் ஒரு குறை கூறுவதுண்டு. நேராகப் பேசினால் சரியாக எழுதும் நிரல், டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்த பேச்சைப் பிழையாக எழுதுகிறது. காதுக்குத் தெளிவாகத்தானே கேட்கிறது?

பதிவுக் கருவி ஒலியலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கிறது. 8000 முறை அளந்தால், அதில் பாதியான 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே சரியாகப் பதியும். அதிக நேரம் பதிவதற்காக இவ்வாறு குறைத்து அளப்பதுண்டு. 'ஸ்' ஒலியின் ஆற்றலோ பெரும்பாலும் அதற்கு மேல்தான் உள்ளது! அது போய்விட்டால் 'எஸ்', 'எஃப்' என்னும் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும். வாக்கியமானால் பொருளைக் கொண்டு நாம் ஊகித்துவிடுவோம். நிரலும் அண்டைச் சொற்களைக் கொண்டு ஊகிக்கிறது. ஒருவருடைய பெயரின் தலைப்பெழுத்தை எதைக் கொண்டு ஊகிப்பது?

தொலைவும் ஒரு காரணம். வாயிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்த ஒலிவாங்கியை 1 மீட்டருக்கு நகர்த்தினால், நேராக வரும் ஒலியின் செறிவு நூறில் ஒரு பங்காகிவிடும். மின்விசிறியின் இரைச்சலோ அப்படியே இருக்கும்.

பதிவில் விடுபட்ட ஒலியை எந்த நிரலாலும் மீட்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆகவே, கவனம் தேவைப்படுவது பதியும்போதுதான் அல்லவா?